பின் சீட்டு மெத்தை

இது கட்டிவிட்ட கதை இல்லை. லீலா இதை இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையும் நேரக் கணக்கு ஒரு நிமிடம்கூட மாறவில்லை. நடந்தது 2001 ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ராத்திரிகூட இல்லை. கண் கூசும் பகல்.

லீலாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தது. இதையாவது காப்பாற்றிக் கொடு என்று அவள் கும்பிடாத சாமி இல்லை. குலுக்கல் ஆகவே ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் புருஷன் வேலு ஆரணியில் பட்டு நெய்கிறவன். அவனிடம் இருந்தது பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று. அதன் சீட்டோ பலகை மாதிரி. ஓட்டுகிறவனுக்கே இடுப்பு விட்டுப்போகும். ஒருக்களித்து உட்காரும் லீலா பள்ளம் மேடு வந்தால் வழுக்கிக்கொண்டே இருப்பாள்.

சீட் தைக்கும் சார்லியிடம் வண்டியைக் கொண்டுபோனார்கள். சார்லி இரண்டு பேரையும் உட்காரவைத்து சாக்பீஸால் கோடு போட்டான். முன்னால் கெட்டி ஃபோம், பின்னால் அகலமாக, மெத்தென்று வேறு ஃபோம் என்றான். முன் சீட்டுக்கு வேலு தலையாட்டினான். பின் சீட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நாளெல்லாம் தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்து நெய்கிறவனுக்கு உட்காரும் சுகத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது அவன் எண்ணம். போன மாதம் வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு பழைய தறி வாங்கியிருந்தான். நெய்கிறவர் கீழே போட்டு உட்காரும் பஞ்சு மெத்தையும் அதோடு வந்திருந்தது. அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

"உக்காந்து பழகின மெத்தைடா சார்லி. உன் ஃபோமெல்லாம் இதுகிட்ட நிக்காது. இத்த வெச்சுத் தை."

"யாரு உக்காந்து பழகினதுண்ணா?"

"யாரா இருந்தா உனக்கின்னா? ஜல்தியா தை."

புதன்கிழமை சீட் தயார். லீலா உட்கார்ந்து பார்த்தாள். யார் மடியிலோ உட்கார்ந்த மாதிரி அத்தனை சுகம். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. வண்டி நின்றது வெயிலில். முன் சீட்டில் கை வைக்க முடியவில்லை. பின் சீட்டு மட்டும் ஜில்லென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை, முந்தின நாள் பஸ்ஸில் தேவிகாபுரத்து அம்மா வீட்டுக்குப் போயிருந்த லீலாவை அழைத்துவர வேலு போனான். ஆரணி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு மணிவரைதான் இருப்பார். கிளம்பும்போது 12:10. லீலா ஒருக்களித்து உட்கார்ந்தாள். வலது கை மடியிலிருந்த பையில். இடது கை சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியில். பையைப் பிடித்த கையில்தான் கடிகாரம்.

12:25. வண்டி முக்கியது. ரோடு மேடே இல்லை. வேலு கியரைக் குறைத்தான். நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது என்று முனகினான்.

12:32.

"லீலா, இடுப்ப இவ்ளோ இறுக்கிப் புடிக்காத. மூச்சு முட்டுது."

லீலா தன் கைகளைப் பார்த்தாள். ஒன்று பையில். ஒன்று கம்பியில்.

12:40. ஒரு பஸ் நிறுத்தத்தில் ஆடுகள் குறுக்கே போயின. வேலு நிறுத்தினான். அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி வண்டியையே முறைத்தாள்.

"மாசமா இருக்கிற பொம்பளைங்க ரெண்டு பேர ஒரே வண்டியில ஏத்திகினு போறியே. அறிவு கீதா உனக்கு?"

வேலு சிரித்தான். வெயிலில் அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றான். லீலா சிரிக்கவில்லை. அவளுடைய இடது தொடையை ஒட்டி யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பிப் பார்க்க தைரியம் வரவில்லை.

12:51. விலாவில் ஏதோ முட்டியது. உருண்டையாக... கெட்டியாக... வெதுவெதுப்பாக.

ஒரு வயிறு.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குதித்துவிடலாமா? குதித்தால் பிள்ளை போய்விடும்.

அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

12:58.

டுப்...

அந்த வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை. லீலாவின் விலாவில்.

டுப்... டுப்...

1:15. ஆஸ்பத்திரி வாசல். வண்டி நின்றது.

பாரம் சட்டென்று இறங்கியது. சீட் 'புஸ்' என்று மேலே எழும்பியது.

பக்கத்தில் யாருமில்லை.

டுப்...

இந்த முறை உள்ளேயிருந்து.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்தார். இரட்டைக் குழந்தை. போன மாத ஸ்கேனில் ஒன்றுதானே இருந்தது என்று லீலா கேட்டாள். ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்திருக்கும், சில பேருக்கு அப்படி ஆவதுண்டு என்றார். வேலு மிட்டாய் வாங்க ஓடினான்.

அந்தச் சீட்டில் லீலா மறுபடி உட்காரவில்லை. அவள் அழுத அழுகையில் சார்லி சீட்டைப் பிரித்து மெத்தையை எடுத்துக் கொடுத்தான். தறி விற்ற வீட்டிலேயே அதைக் கொடுத்துவிட வேலு போனான். அந்த வீட்டுப் பெரியவர் பூங்காவனம் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அது அவருடைய மருமகள் ஜெயம் உட்கார்ந்து நெய்த மெத்தை. எட்டாம் மாதத்தில் தறியிலேயே வலி எடுத்திருக்கிறது. வீட்டில் சைக்கிள்தான். கேரியரில் அவளால் உட்கார முடியவில்லை. வண்டி பிடிக்கப் போன புருஷன் திரும்புவதற்குள் அந்த மெத்தையிலேயே போய்விட்டாள். பிள்ளையும் வயிற்றோடு போய்விட்டது.

அப்படிச் செத்தவளுக்கு ரோட்டோரம் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால், செத்தவளின் வயிற்றுச் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை.

"நாங்க கல்லு நடலப்பா," என்றார் பெரியவர். "பதினோரு வருசமா சுமந்துகினுதான் இருக்கா."

தை மாதம் லீலாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. ஒரே முகம். ஒரே எடை. இரண்டும் ஒன்றாகத்தான் அழும். லீலா அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். குனிவாள். கை பாதியில் நின்றுவிடும்.

எதை முதலில் தூக்குவது என்று அவளுக்குத் தெரிவதில்லை.