மூன்றாம் பாகத்தில் வரும் அரக்குப் புடவை

என் வீட்டுக்காரர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தார். அந்தக் கடையில் விற்கும் புடவைகளுக்கு நான் வீட்டில் உட்கார்ந்து ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பேன். ஃபால்ஸ் என்பது புடவையின் கீழ்க்கரைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற துணிப்பட்டை. கலர் கொஞ்சம் மாறினாலும் நடக்கும்போது எட்டிப் பார்த்து மானத்தை வாங்கிவிடும். அதனால் துணியைப் பொருத்தம் பார்த்து எடுத்து வருவது அவருடைய பொறுப்பு. வெங்காயக் கலரிலேயே நாலு வெங்காயம் இருக்கிறது என்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் ராமர் பச்சைப் புடவைக்கு மயில் கழுத்துக் கலரில் ஃபால்ஸ் எடுத்து வந்து நீட்டினார். “இன்னாங்க இது, கண்ணு அவிஞ்சி போச்சா?” என்றேன். எங்கள் வீட்டில் பேச்சே அப்படித்தான். அவரும் ஏதாவது திருப்பிச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் மாம்பழக் கலருக்குச் சந்தனம் வந்தது. அப்புறம்தான் எனக்குப் பயம் பிடித்தது.

சென்னையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். சர்க்கரை கண்ணுக்குப் பின்னால் நரம்பைத் தின்றுவிட்டது என்றார். லேசர் வைக்கலாம், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது என்றார். எத்தனை நாளைக்கு இருக்கும் என்று நான் கேட்டேன். அதைச் சொல்ல முடியாதம்மா என்றுவிட்டார். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியமில்லை. சுங்குவார்சத்திரம் தாண்டியதும் அவரே வாயைத் திறந்தார்.

“அந்தப் படத்த இன்னொரு வாட்டி பாத்துடணும்மா. மூணு பாகமும்.”

மனுஷனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

அது மூன்று பாகமாக வந்த ராஜா கதை. கருப்பு வெள்ளை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது வெளிவந்தது. மூன்றாம் பாகத்தில் இளவரசன் போரில் செத்துவிடுவான். அவன் பெண்டாட்டி, கல்யாணத்தன்று கட்டிய முகூர்த்தப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, போர்க்களத்தில் உடம்பைத் தேடி வருவாள். அந்தப் புடவை அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை என்று இவர் சத்தியம் செய்வார்.

“கருப்பு வெள்ளையில அரக்கு எப்பிடிங்க தெரியும்?”

“அரக்குதான்மா அப்பிடிக் கருக்கும். கரை எப்பிடி வெளுத்துக்கினு வருது பாரு. கிளிப்பச்சைதான்.”

இதைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட எனக்கு வழியில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது என் வீட்டார் மாம்பழக் கலரில் ஒன்றை எடுத்து வைத்தார்கள். இவர் அதை மடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, அரக்கில் கிளிப்பச்சைக் கரை வைத்ததை விரித்துப் போட்டார். மாப்பிள்ளையே பட்டுக் கடைக்காரர் ஆயிற்றே என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள். எந்தப் பெண்ணை மனதில் வைத்து எடுத்தார் என்பது எனக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

புதிதில் ஒரு நாள் அந்த மூன்றாம் பாகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அது மறுபடி வெளியிட்ட பிரதி. ஹீரோ சாகிறதா என்று ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். அதனால் இளவரசன் கண் திறந்து எழுந்து சிரிப்பது மாதிரி முடிவை மாற்றி, போர்க்களத்துக்கு அவள் வருவதையே வெட்டிவிட்டிருந்தார்கள். எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்தது. இவர் வீடு வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். பிறகு டிவியில் வாரம் கொஞ்சமாகப் போட்டார்கள். விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று சண்டையையும் பாட்டையும் நறுக்கித் தள்ளியிருந்தார்கள். இவர் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

இப்போது கண் போகிற நேரத்தில் அதில் எதைப் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சிடி கடை இருந்தது. “சார், முடிவு மாத்துனது இருக்குது, பழசு அப்பிடியே இருக்குது, இப்ப புதுசா கலர் அடிச்சும் வந்திருக்குது, உங்களுக்கு எது வேணும்?” என்றார் கடைக்காரர். பட்டுக் கடையில் புடவை பார்க்க வருகிறவர்கள் இவரை என்னவெல்லாம் படுத்துவார்களோ அத்தனையையும் இவர் அந்த மனிதரிடம் படுத்தினார். எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொன்னார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அந்தச் சின்ன எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை. நான் படித்துச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் சண்டை. “நமக்கு எதுக்குங்க சாவுற படம்? இருக்கிற துக்கம் பத்தலையா? எழுந்து சிரிக்கிறத வாங்கினு வரலாம்.”

“அவன் செத்தாதானேமா அவ தேடிக்கினு வருவா? வந்தாதானே புடவையப் பாக்க முடியும்?”

மறுநாள் நானே போய்க் கலர் அடித்ததை வாங்கி வந்தேன். கதையை மாற்றவில்லை, சத்தமும் பழைய சத்தமேதான், படம் மட்டும் கலர் என்று கடைக்காரர் சொன்னார். மங்கின கண்ணுக்குக் கலர் இருந்தால் பளிச்சென்று தெரியுமே என்பது என் கணக்கு. இவர் முதல் பாகம், இரண்டாம் பாகம் எதையும் தொடவில்லை. நேராக மூன்றாம் பாகத்தை ஓட்டி அந்த இடத்துக்குப் போனார். நல்ல நீலப் புடவையில் ரோஸ் கரை போட்டுக்கொண்டு அவள் வந்தாள்.

“எவன்டா அவளுக்கு ஆனந்தா ப்ளூ கட்டி வுட்டது? புருஷன் செத்துக் கெடக்கிறான், ரோஸ் கரை கேக்குதாடா உங்களுக்கு?” என்று அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணுக்கு அப்போது அவ்வளவு தெம்பு இருந்தது. அந்தச் சிடிகளை எடுத்து, பீரோவில் ஃபால்ஸ் துணி மிச்சங்களுக்கு அடியில் சொருகி வைத்தேன்.

கடைசியில் பழைய கருப்பு வெள்ளையே வாங்கினோம். அதற்குள் பட்டுக் கடையில் அவரைப் புடவை எடுத்துப் போடுகிற இடத்திலிருந்து மாற்றி, வாசலில் வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட உட்காரவைத்திருந்தார்கள். நல்லவர்கள்தான், வேலையை விட்டு அனுப்பவில்லை.

ஒரு லீவு நாளில் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பாகம் பார்த்தோம். அடுத்த லீவுக்கு இரண்டாம் பாகம். டிவிக்கு முன்னால் மூக்கு இடிக்கிற தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முதுகைத்தான் நான் பாதிப் படம் பார்த்தேன். இருந்தும் சந்தோஷமாக இருந்தது. பாட்டு வந்தால் கூடவே முணுமுணுத்தார். இரண்டாம் பாகம் முடிந்ததும், “மூணாவதையும் போட்டுடவா?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும்மா. நல்லத கடைசியாதான் காட்டணும்.”

அது அவர் தொழில் வழக்கம். வந்ததும் வராததுமாக நல்ல புடவையை விரிக்கக் கூடாது, நாலு சாதாரணப் புடவையைக் காட்டி, கண் பழகின பிறகுதான் எடுக்க வேண்டும் என்பார். ஆயுசு முழுக்க அப்படியே செய்து பழகினவர். நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, “கண்ணுல சிலந்தி வலை மாதிரி இருக்குதுமா, கொஞ்சம் தொடச்சி வுடு” என்றார். ஈரத்துணியால் துடைத்தேன். இன்னும் இருக்குது என்றார். மறுபடி துடைத்தேன். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று சென்னையில் சொன்னார்கள். ஊசி போட்டார்கள். இன்னொரு கண்ணும் பின்னாலேயே போனது. ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை என்றார். கடைக்குப் போவது நின்றது. நான் ஃபால்ஸ் துணிக்கு நானே போய்ப் பொருத்தம் பார்த்தேன். இரண்டு தடவை தப்பாக எடுத்துப் பேச்சு வாங்கினேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், “மூணாவது பாகத்தப் போடுமா” என்றார். போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஓடவில்லை, படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. முந்தானையால் துடைத்துப் போட்டேன். திரும்பவும் அதே இடத்தில் நின்றது. நாசமாய்ப் போன சிடி. வேறு வாங்கி வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஸ்டூலில் முன்னால் சாய்ந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வரவில்லை.

பீரோவைத் திறந்து கலர் அடித்த சிடியை எடுத்துப் போட்டேன். கத்தட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அவர் கத்த வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அரண்மனை வந்தது. சிவப்புத் தலைப்பாகை, மஞ்சள் கொடி, பச்சை மெத்தை, எல்லாம் திருவிழாக் கடை மாதிரி பளபளவென்று வந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“பாத்தியா, கருப்பு வெள்ளையில எவ்ளோ சுத்தமா இருக்குது. அந்தக் கலர்க்காரன் கெடுத்து வெச்சிருந்தான்.”

“ஆமாங்க” என்றேன்.

போர் முடிந்தது. இளவரசன் விழுந்தான். காற்றுச் சத்தமும் தனியாக ஒரு ஷெனாயும் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வராளா?”

“வராங்க.”

“புடவை நல்லாத் தெரியுதா?”

நீலப் புடவை தெரிந்தது. ரோஸ் கரை தெரிந்தது.

“தெரியுதுங்க. அரக்குதான். கிளிப்பச்சைக் கரை.”

“நான் சொன்னன்ல” என்றார். திரும்பி, நான் இருக்கிற பக்கம் பார்த்துச் சிரித்தார். கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்கப்புறமும் அவர் கத்துவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்துவிட்டது.