லைனில் இருங்கள்

தஞ்சாவூரில் நெல் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடும் ஓர் ஆபீஸில் மூன்று வருஷம் போன் எடுத்தேன். ஆபீஸ் என்றால் இரண்டு அறைதான். முன்னறையில் நான், உள்ளறையில் முதலாளி. சுவரில் சின்னதாக ஒரு டெலிபோன் பெட்டி. யாரையாவது ஹோல்டில் போட்டால், கிணுகிணுவென்று ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒரு நிமிஷம் கேட்டவர்கள் வைத்துவிடுவார்கள்.

ஒரு தை மாதம், அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. போன் ஓயவில்லை. முதலாளி கும்பகோணத்தில் ஏதோ ஸ்டூடியோவில் புதிதாக ஒன்றைப் பதிவு செய்து வந்தார். நாதஸ்வரம், தவில், நடுவே ஒரு பெண் குரல்: "லைனில் இருங்கள். உங்கள் வயலுக்கு வண்டி தயாராக இருக்கிறது." அதைப் பெட்டியில் ஏற்றியது நான்தான்.

வண்டி எதுவும் தயாராக இல்லை. ஈரத்தில் இறங்கக்கூடிய பெல்ட் மெஷின்கள் ஐந்தும் பெரிய பண்ணைகளுக்குப் போயிருந்தன. அதைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"சொன்னா வேற ஆளுக்குப் போன் பண்ணிடுவான். ஹோல்டுல போடும்மா. நம்ம லைன்ல நிக்கிற வரைக்கும் அவன் நம்ம ஆளு."

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெண் தொடர்ந்து மூன்று நாள் கூப்பிட்டார். ஒன்றரை ஏக்கர் சம்பா. மூன்றாம் நாள் காலை அவர் குரல் கம்மியிருந்தது.

"மேளம் கேட்டுக் கேட்டு காது வலிக்குதுங்க. கதிரெல்லாம் தண்ணியில சாஞ்சு கெடக்கு. இன்னிக்காச்சும் வண்டி வருமா, சொல்லுங்க."

உள்ளே திரும்பிப் பார்த்தேன். முதலாளி விரலால் சைகை காட்டினார். ஹோல்டில் போட்டேன். போனில் அவர் லைனுக்கான சிவப்பு விளக்கு பதினெட்டு நிமிஷம் மினுக்கிவிட்டு அணைந்தது. அடுத்தவர் வயலில் அறுத்துத்தான் என் பெற்றோர் என்னை பி.காம். படிக்கவைத்தார்கள். சாய்ந்த நெல் எத்தனை நாளில் முளைவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன்.

மதியம் முதலாளி சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு என் செல்போனில் பேசிப் பதிவு செய்தேன். "இன்னிக்கும் நாளைக்கும் எங்ககிட்ட மெஷின் இல்லைங்க. காத்திருக்காதீங்க. வேற எடத்துல கேளுங்க." மேளத்தை அழித்துவிட்டு இதை ஏற்றினேன். வாயால் சொன்னால் உள்ளறைக்குக் கேட்டுவிடும். ஹோல்டில் ஓடுவது போன் பண்ணியவருக்கு மட்டும்தான் கேட்கும்.

சாயங்காலம் வரை கூப்பிட்ட அத்தனை பேரையும் ஹோல்டில் போட்டேன். கேட்டதும் அவர்கள் வைத்துவிட, ஒவ்வொரு விளக்கும் சட்சட்டென்று அணைந்தது. ஒன்று மட்டும் அணையவில்லை. எடுத்தேன். அதே பெண்தான்.

"இத மொத நாளே சொல்றதுக்கு என்னங்க? மூணு நாளா நான் உங்களையே நம்பி உக்காந்திருக்கேன்."

அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் முதலாளி வெளியிலிருந்து ஆபீஸுக்குக் கூப்பிட்டார். இன்னொரு லைனில் ஆள் இருந்ததால் பழக்கதோஷத்தில் அவரையும் ஹோல்டில் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் எதிரே வந்து நின்றார்.

"யாரக் கேட்டு மாத்துன?"

"யாரையும் கேக்கல சார்."

"என் ஆபீஸ்ல உக்காந்துகிட்டு எவன்கிட்டயோ போகச் சொல்றியா?"

"வண்டி இல்லன்னுதான் சொன்னேன். இருக்குதா சார்? இருந்தா சொல்லுங்க, இப்பவே எல்லாருக்கும் போன் பண்றேன்."

மேஜை மேலிருந்த நோட்டைத் தூக்கி அவர்மேல் எறிந்துவிடுவேனோ என்றிருந்தது. அவர் என் பதிவை அழிக்கச் சொன்னார். நீங்களே அழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மறுபடி மேளம்தான் ஓடுகிறது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாசி பிறந்ததும் மனசு கேட்காமல், அந்த மூன்று நாளில் மனப்பாடமாகியிருந்த நம்பரில் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். மன்னார்குடியிலிருந்து ஒரு மெஷின் கிடைத்ததாம். அதற்குள் பாதி முளைத்துவிட்டது. அந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டேன்.

"இப்ப எங்க வேலை பாக்குறீங்க?"

ஒரு விதைக்கடையில் என்றேன்.

"அங்கயாச்சும் உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

சரிங்க என்றேன்.