வெறுஞ்சட்டி

எங்கடை ஒழுங்கையிலை பொம்பிளையள் நாலைஞ்சு பேர் சேர்ந்து, இல்லாத வீட்டுப் பிள்ளையளுக்குக் காலமையிலை கஞ்சி காய்ச்சிக் குடுக்கிறம். மூண்டு நாளாய் தண்டவாளத்தடி வீட்டுத் தூக்குச்சட்டி வரேல்லை எண்டு பாக்கப் போனன். கழுவின சட்டி வேலிக் கதியாலிலை கவிட்டுக் கிடந்தது.

"வெறுஞ்சட்டியை எப்பிடியம்மா கொண்டு வாறது? போட்டுத்தர வீட்டிலை ஒண்டும் இல்லை," எண்டாள் பிள்ளையின்ரை தாய்.

எனக்கு ஏழு வயசிலை மாதாவின்ரை வேதக்கோயிலிலை பால்மா கரைச்ச கஞ்சி குடுக்கிறவை. எங்கடை அம்மா சட்டியை ஒருநாளும் வெறுமனே விடமாட்டா. ஒரு பிடி முருங்கையிலை எண்டாலும் போட்டுத்தான் என்னை அனுப்புவா. ஒருக்கால் புயலுக்கு முருங்கை முறிஞ்சு போச்சு.

"வெறுஞ்சட்டியோடை போய் நிக்க நாங்கள் என்ன பிச்சைக்காரரோ?" எண்டு மறிச்சுப்போட்டா. சட்டியைப் புளி போட்டு மினுக்கிக் கவிட்டு வைச்சா. தங்கச்சி அப்பதான் பால்குடி மறந்தவள், காய்ச்சல் வேறை. கஞ்சி மணந்தால் கத்துவாள். பிறகு கத்துறதையும் விட்டிட்டாள்.

தங்கச்சியின்ரை செத்த வீட்டுக்கு, வேதக்கோயிலிலை கஞ்சி காய்ச்சிற அக்கா வந்தா. "நான் உன்னட்டைக் கீரையோ கேட்டனான், செல்லம்மா?"

அம்மா என்னைக் காட்டி, அந்தச் சட்டியை நீட்டினா, வெறுமனே.

நானும் செல்லம்மாவின்ரை மோள்தான். ஆருக்கும் தலை குனிஞ்சு பழக்கமில்லை. தண்டவாளத்தடி வீட்டுக் கதியாலிலை இருந்த வெறுஞ்சட்டியை எடுத்து, மூடாமல், ஒழுங்கை முழுக்கப் பாக்கத் தூக்கிக்கொண்டு நடந்தன். அந்தத் தாய் பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் பின்னாலை வந்தாள்.