இரண்டு மேசை, ஒரு வாய்

அந்தக் குழாய் கம்பெனியில் மனிதவளத்துக்கு ஒரு மேசை, பயிற்சிக்கு ஒரு மேசை. இரண்டுக்கும் சேர்த்து ஆள் ஒன்றுதான். சுழல் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினால் லீவு, புகார், பதவி உயர்வு, சண்டை. அந்தப் பக்கம் திருப்பினால் வகுப்பு. மனிதர்களுக்கு 'வளம்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து நேரே வந்தவராக இருக்க வேண்டும். அது கிடக்கட்டும். நாற்காலியில் இருந்தவளை எல்லோரும் மேடம் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் கதை மேடம். அந்தப் பட்டம் அவளுக்குத் தெரியும். பிடிக்கவும் செய்யும்.

இரண்டு மேசையையும் யாரும் அவள் தலையில் கட்டவில்லை, அவளே கேட்டு வாங்கினாள். முன்பெல்லாம் பயிற்சிக்கு வெளியிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வருவார். விளக்கை அணைப்பார், திரையில் அம்புக்குறிகளாக ஓடும். ஒரு ஷிஃப்டுக்குக்கூட லேட்டாக வந்திராதவர்களுக்கு நேர மேலாண்மை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். பாலிஷ் பிரிவு மொத்தமும் குறட்டை விடும். அவள்தான் மேனேஜரிடம் போய் நின்றாள்.

"சார், யாருக்கு என்ன வரலைன்னு எங்கிட்டதான் வந்து அழறாங்க. அதைச் சரிபண்ண வேண்டியவரு எங்கேயோ இருக்காரு. ரெண்டும் ஒரு கையில இருந்தாதான் சார் நடக்கும்."

நடக்கத்தான் செய்தது. பேக்கிங் பிரிவில் இரண்டு பெண்கள் தினம் சண்டை போட்டார்கள். புகாரைக் குடைந்து பார்த்தால் வாய்க்கொழுப்பு எதுவுமில்லை. புதிய லேபிள் மெஷினை ஒருத்திக்குத்தான் யாரோ காட்டிக்கொடுத்திருந்தார்கள். மற்றவளுக்கும் இரண்டு மத்தியானம் சொல்லிக்கொடுத்ததும் சண்டை போன இடம் தெரியவில்லை. இப்படி எத்தனையோ. குறையைக் கேட்கிறவரே அதைத் தீர்க்கவும் செய்தால் மனிதர்கள் வளர்கிறார்கள் என்பதை அந்தக் கம்பெனியில் கண்ணால் பார்த்தார்கள்.

அவள் வகுப்பில் யாரும் தூங்குவதில்லை. ஆட்களை அப்படியே நடித்துக் காட்டுவாள். சின்ன வயதில் அத்தையைப் போல இடுப்பை ஒடித்து நடந்துகாட்டி அத்தை கையாலேயே அறை வாங்கியவள். அந்த அறை போதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் கணவர் சொல்வார்: "உன் எதிர்ல தும்மறதுக்கே பயமா இருக்கு. நாளைக்கு உங்க கம்பெனியில அது ஓடும்."

பாலிஷ் பிரிவின் சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிற நேரம் வந்தது. அந்த இடத்துக்கு ஒருவர்தான் பொருத்தம் என்று மேனேஜர் முதல் டீ போடும் அக்கா வரை எல்லோருக்கும் தெரியும். பித்தளைக் குழாயை அவர் சக்கரத்தில் பிடித்துத் திருப்பினால் முகம் பார்க்கலாம். ஆளும் தங்கமானவர். ஆனால் பதவி வேண்டாம், வேண்டாம் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். மேடம் கூப்பிட்டு உட்காரவைத்து, எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

அவர் விட்டத்தைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையையும் தொடையில் தேய்த்தார். வாயைத் திறக்கும் முன் எப்போதும் அப்படித்தான்.

"வந்து... அதாவது... பத்துப் பேரு ஒண்ணா என்னைப் பார்த்தாங்கன்னா வயித்தைப் பொரட்டுது மேடம். போன வருஷம் அந்த ஃபேர்வெல்ல ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்கல்ல, பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன். சாப்பாடு ஒத்துக்கலைன்னு வீட்ல சொல்லிட்டேன். எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. சூப்பர்வைசர்னா தினம் காலையில ஷிஃப்ட் மீட்டிங் பேசணுமே."

"இந்த ரூமைத் தாண்டாதுண்ணே," என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினாள். புதன்கிழமைதோறும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வந்து அவள் ஒருத்திக்கு மட்டும் மீட்டிங் பேசினார். பிறகு டீ அக்காவையும் உட்காரவைத்தாள். பிறகு ஸ்டோர்ஸிலிருந்து இரண்டு பேர். வேர்த்துக் கொட்டியது, குரல் கம்மியது, ஆனால் வயிறு அடங்கியது. கடைசியில் ஒரு புதன்கிழமை, "சரி மேடம், எம் பேரைச் சொல்லிடுங்க," என்றார். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கலப்படம் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அறிவிப்புக்கு முந்தைய வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பயிற்சித் துறையின் பெரிய மேடம் வந்தார். கான்ஃபரன்ஸ் ஹாலில் எல்லாப் பிரிவு சூப்பர்வைசர்களும், அடுத்து ஆகப்போகிறவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பாலிஷ்காரர் கடைசி வரிசையில். அவள் எடுத்த வகுப்பு என்னவோ அன்று சூடு பிடிக்கவில்லை. பெரிய மேடம் போனை எடுத்து விரலால் தள்ளத் தொடங்கினார். கதை மேடத்துக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தன்னை அப்படி ஒருவர் பார்க்காமல் இருப்பதை அவளால் தாங்க முடியாது, அதுதான் அவளுடைய வியாதி.

"எனக்குத் தெரிஞ்ச வேற ஒரு கம்பெனியில யாரோ ஒரு அம்மா," என்று ஆரம்பித்தாள். ஆணைப் பெண்ணாக்கினாள். பாலிஷைத் தையலாக்கினாள். ஊரை மாற்றினாள், வயதை மாற்றினாள். அவ்வளவு ஜாக்கிரதை. "அந்தம்மாவுக்கு மீட்டிங்னாலே நடுக்கம். பேசச் சொன்னா எப்படி நிப்பாங்க தெரியுமா?"

கை யாரையும் கேட்கவில்லை. அவள் விட்டத்தைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையையும் தொடையில் தேய்த்தாள். "வந்து... அதாவது..."

முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்துப் பின்னால் திரும்பினார். பக்கத்திலிருந்தவர் திரும்பினார். தலைகள் ஒவ்வொன்றாகக் கடைசி வரிசைப் பக்கம் போயின. சிரிப்பு கிளம்பிவிட்டது, இனி அவளுக்குப் பிரேக் கிடையாது. பாத்ரூமுக்கு ஓடினாள், வாந்தியும் எடுத்துக் காட்டினாள். ஹால் அதிர்ந்தது. பெரிய மேடம் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாலிஷ்காரரும் சிரித்தார். மற்றவர்களை விடச் சத்தமாகவே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் தலைகள் ஏன் திரும்பின என்பது அவளுக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வாயோ பயிற்சியால் பயத்தைப் போக்கலாம் என்று கதையின் நீதியைச் சொல்லி முடித்துக்கொண்டிருந்தது.

டீ குடிக்கும்போது பெரிய மேடம் அவள் தோளில் கைவைத்தார். "பிரமாதம்மா. இந்தக் கதையை நம்ம எல்லா பிராஞ்ச்லயும் வந்து சொல்லணும் நீ." மற்ற நாளாக இருந்தால் உச்சி குளிர்ந்திருக்கும். அன்று டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பாலிஷ் பிரிவில் அவருடைய சக்கரத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு வாளியை வைத்திருந்தார்கள். பார்த்த டீ அக்காதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு உட்காரவில்லை, நின்றபடியே மேடத்தை ஒரு பார்வை பார்த்தாள். புதன்கிழமைகளில் அந்த அறைக்குள் கூட உட்கார்ந்திருந்தவள் அவள். அந்தப் பார்வைக்கு முன்னால் மேடம் கூனிக் குறுகிப்போனாள்.

வீட்டில் கணவர், "பெரிய மேடம் வந்தாங்களே, எப்படிப் போச்சு?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து கம்பெனிக் கதை இல்லாமல் அந்த வீட்டில் சாப்பாடு இறங்கியதில்லை. அவள் தலைவலி என்றாள். நடந்ததைச் சொன்னால் அதே கதையை இன்னொரு முறை சொன்னதாகத்தான் ஆகும் என்று தோன்றியது.

எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று யோசித்தாள். யாரிடம் மன்னிப்பு, எதற்கு மன்னிப்பு என்று கேட்பார்களே. இதுவரை சந்தேகமாக இருந்தவனுக்கும் அவரைக் கைகாட்டி விடுவதுபோலாகும். தான் அவிழ்த்ததைத் தானே கட்ட முடியாது என்பது புரிந்தபோது, படித்த படிப்பும் வாங்கிய கைதட்டலும் சேர்ந்து அவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. வெட்கம் என்றால் என்ன என்று அவளுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

புதன்கிழமை அவர் வரவில்லை. மேனேஜரிடம் நேரே போய், பதவி வேண்டாம் சார், பழையபடி இருந்துக்கறேன் என்று சொல்லிவிட்டார். மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, ஒத்துக்கிட்ட ஆளு பின்வாங்குறாரு? உன் ட்ரெயினிங் பல்லிளிச்சிடுச்சா?"

"என் தப்பு சார்."

"உன் தப்பு என்ன இதுல. சில பேருக்கு வராதும்மா, விடு. ரெண்டாவது ஆளைப் போட்டுக்கலாம்."

சிலருக்கு வராது. வந்துகொண்டிருந்ததைக் கெடுத்தது யார் என்று சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் வாந்தியையும் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டாள். அவர் முடியாதவர் என்ற பெயரோடு அந்த விஷயம் முடிந்தது. அதற்கும் அவள்தான் சாட்சி.

மனசு கேட்கவில்லை. மத்தியானம் பாலிஷ் பிரிவுக்கு இறங்கிப் போனாள். அவளைக் கண்டதும் அவர் சக்கரத்தை நிறுத்தி, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார். மற்ற சக்கரங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் பேசுவது யாருக்கும் கேட்காது.

"அண்ணே, அன்னைக்கு நான் பண்ணினது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

"எது மேடம்?"

"அந்தக் கதை..."

"அதுவா." கையிலிருந்த குழாயைத் துணியால் துடைத்தார். "அது யாரோ ஒரு அம்மா, வேற கம்பெனின்னுதானே சொன்னீங்க."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை, கோபம் இருந்தாலும் வெளியே காட்டவில்லை. அந்தப் பொய் ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டு போக அவள் வந்து நிற்கிறாள்.

"ஆமாண்ணே," என்றாள். "வேற கம்பெனி."

"அப்ப அந்தம்மாகிட்டதான் மேடம் கேக்கணும். எங்கிட்ட எதுக்கு?"

முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டார். சுவிட்சில் கைவைத்தார், ஆனால் போடவில்லை. அவள் மேல் தூசி படக் கூடாதே என்று, அவள் நகரும்வரை காத்துக்கொண்டிருந்தார்.