அந்தப் படகுக்கு எந்தப் பம்பு

என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் கொச்சியை விட்டுப் போடிக்கே திரும்பினோம். படகு மட்டும் அங்கேயே துறையில் கிடந்தது. ஏலக்காய்க் காட்டில் பிறந்த மனுசன் கடலுக்குப் போய், சொந்தமாக மோட்டார் படகு வாங்கி, தூண்டில் போட ஆசைப்படுகிற வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டியவர். இப்போது காப்பி டம்ளரையே இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது.

போன மாசியில் திடீரென்று, "படகுக்கு ஒரு ஆட்டோபைலட் பம்பு பாக்கணும்" என்றார். அதை மாட்டிக்கொண்டால், போகிற திசையை ஒருமுறை வைத்துவிட்டால் போதும். பம்பே ஆயிலைத் தள்ளிச் சுக்கானைத் திருப்பிக்கொள்ளும். ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! மனுசன் மறுபடி கடலுக்குப் போகப்போகிறார் என்று தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன்.

பம்பு பார்க்க என் அண்ணன் வந்தார். போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகளைப் பழுது பார்ப்பவர். போனில் படம் படமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, இருந்ததிலேயே பெரிய பம்பின்மேல் விரலை வைத்தார்.

"இத எடுங்க மாப்ளே. லோடோட வளைவுல திருப்புறப்ப சின்னதெல்லாம் மூச்சு வாங்கும்."

"கடல்ல ஏது மச்சான் கொண்டை ஊசி வளைவு?" என்று இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

பிறகு அண்ணனுக்கு விளக்கினார். சுக்கானைத் தள்ளுகிற சிலிண்டர் எவ்வளவு ஆயில் கொள்ளுமோ அதற்குத் தக்கபடிதான் பம்பு இருக்க வேண்டுமாம். பெரிதாகப் போட்டால் கொஞ்சம் திருப்ப வேண்டிய இடத்தில் நிறையத் திருப்பிவிடும், உடனே மறுபக்கம் இழுக்கும், படகு குடிகாரன் மாதிரித் தள்ளாடும். சிறிதாகப் போட்டால், அலை அடித்துத் தள்ளிய பிறகு ஆடி அசைந்து வந்து சேரும். கொச்சியில் படகைப் பார்த்துக்கொள்கிறவர் சிலிண்டரை அளந்து போனில் சொன்னார். கணக்குப் போட்டதில் நடுத்தரமான ஒன்று சரியாக வந்தது. அண்ணனுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை.

"ஏன் மாப்ளே, குறுக்க வலை கெடந்தா இது என்ன செய்யும்?"

"இதுக்கு என்ன தெரியும்? நாமதான் வெரசா ஸ்டீரிங்கப் பிடிச்சுத் திருப்பணும்."

"இந்தக் கைய வச்சுக்கிட்டா?"

இவர் போனைக் கீழே வைத்தார்.

"நான் போகல மச்சான். படக விக்கப் பேசி முடிச்சாச்சு. வாங்குறவன் ஒத்த ஆளாத்தான் போவான், அவன் தூண்டில் போடுறப்ப ஸ்டீரிங்குக்கு ஆள் இல்ல. பம்பு நான் பாத்துத் தர்றேன்னு சொல்லிட்டேன். கண்டத மாட்டி எம் படகக் கெடுத்துரக் கூடாதுல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாத்தையும் முடிச்சுட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! நான் ஒரு கிறுக்கச்சி, கடலுக்குப் போறாரு, கடலுக்குப் போறாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்!" என்று கத்தினேன். கத்தக் கத்தவே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

"சொல்லத்தான் வந்தேன். ஒம் மூஞ்சியில இருந்த சந்தோஷத்தப் பாத்ததும் வாய் வரல புள்ள" என்றார் இவர். "போகணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். பாவி மனுசன், சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை என் பக்கம் நீட்டினார். வாங்குவதற்கு அமுக்க வேண்டிய இடம் திரையில் தெரிந்தது.

"நீயே அமுக்கு. நான் தொட்டா இந்த வெரலு ரெண்டு தடவ அமுக்கிரும், ரெண்டு பம்பு வந்து எறங்கும்."

அமுக்கினேன்.