கடைசியில் கூப்பிட்ட பெயர்

என் தங்கை குணவதி 1974 பிப்ரவரியில், பதினேழு வயதில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் பேர் பதிந்தாள். நானும் அதே கும்பலில்தான் இருந்தேன். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் நேரத்துக்கு, நூற்றுப்பத்துப் பேரும் பனியில் வரிசையாக நிற்போம். எங்களை மலைக்கு ஏற்றிப்போகும் லோரி உறுமிக்கொண்டு வந்து நிற்க, கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் பெயர் வாசிப்பார். இன்று நினைத்தாலும் பச்சைக் கொழுந்தும் ஈரச் சாக்கும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறும். இரண்டு தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஒரே மாதத்தில் மூன்று முறை அப்படி ஆனால் பேரை வெட்டிவிடுவார்கள்.

குணவதி என் பக்கத்தில்தான் நிற்பாள். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டாள். கூரைத் தகர நுனியில் திரளும் ஒரு சொட்டு நீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். தோளைத் தொட்டால் சூடு பட்டதுபோலத் துள்ளுவாள். அதனால் தொடமாட்டேன். இடுப்பில் கட்டும் சாக்கு உறுத்துகிறது என்று அழுததால், பழைய சாரோங் துணியை உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தேன். இப்போது என் மகள் இதற்கு ஆட்டிசம் என்றும் ஏடிஎச்டி என்றும் இரண்டு பெயர் சொல்கிறாள். அன்று எங்கள் லயத்து வீடுகளில் இருந்த சொல் ஒன்றுதான்: மந்தம்.

மார்ச்சில் இரண்டு முறை அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் கும்பலை வேலை வாங்கும் கங்காணி சிவசாமி என்னிடம் வந்தார்.

"ஏ ருக்கு, ஒன் தங்கச்சி செவுடாலா? தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இல்லாட்டி வூட்டுலயே வச்சுப் பூச பண்ணு."

மறுநாள் காய்கறி லோரியில் ஏறிப் போனோம். காதைச் சோதித்தவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்து போனார். அங்கிருந்தும் அதன் ஓசை கேட்கிறது என்றாள். காது நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சந்தோஷமாகக் கொண்டுவந்து கங்காணியிடமும் கிராணியிடமும் நீட்டினேன். எவ்வளவு பெரிய தப்பு!

"அப்ப கேக்குது! கேட்டுக்கிட்டேதான் நிக்கிறா. திமிரு!" என்றார் கங்காணி.

கிராணி பெயர்ப் புத்தகத்தை விரித்தார். குணவதி தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"எல்லாமே கேக்குதுங்கய்யா. லோரி உறுமுறது, கொழுந்துக் கூட கிரீச்சுங்குறது, ஒங்க பேனா கீறுறது. எல்லாம் ஒரே அளவாத்தான் வருது. அதுல எம்பேரும் ஒண்ணு. அத நான் தேடி எடுக்குறதுக்குள்ள அடுத்த பேருக்குப் போயிடுறீங்க."

அத்தனை வார்த்தைகளை அவள் சேர்த்துப் பேசி நானே கேட்டதில்லை.

"அப்ப ஒனக்குன்னு லோரிய நிப்பாட்டி வைக்கணுமா?" என்று கேட்டார் கங்காணி.

நான் முந்திக்கொண்டேன். "கடைசியா கூப்புடுங்கய்யா. எல்லாரும் ஏறுனப்பறம், எஞ்சின் போடுறதுக்கு முன்னாடி. ஒரு தடவ பாருங்களேன்."

கிராணி சரி என்றார். மறுநாள் எல்லோரும் லோரியில் ஏறிவிட்டோம். பெரட்டுக் களத்தில் அவள் மட்டும் நின்றாள்.

"குணவதி!"

கிராணி மறுபடி கூப்பிடவில்லை, காத்திருந்தார். நான் மனத்துக்குள் எண்ணினேன். ஒன்பது வந்தது.

"இருக்கேங்கய்யா."

"மகாராணி வந்தாச்சு, லோரிய எடுலா!" என்று செல்லம்மா கத்த, எல்லோரும் சிரித்தோம். குணவதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, என்மேல் இடிக்காத தூரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

1985இல் கிராணி ஓய்வு பெற்றபோது, அந்தக் காலைக்குப் பிறகு ஒருநாளாவது அவள் பதில் சொல்லத் தவறினாளா என்று கேட்டேன். "ஒருநாள்கூட இல்ல ருக்குமணி," என்றார், புத்தகத்தைத் திறக்காமலேயே. நான் விடவில்லை. பதினொரு வருடத்துப் புத்தகங்களையும் திறந்து பார்க்க வைத்தேன். அவர் சொன்னது சரிதான்.