விட்டுப்போனவர்களைச் சேர்க்கும் வேலை

புத்தகம் போடுகிறவர்களிடம் போய், "நீங்க யாரை விட்டுட்டீங்க தெரியுமா?" என்று பாடம் எடுக்கிற பிழைப்பு இருக்கிறதே, அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். செய்யாதவர்கள், ஓடுகிற பஸ்ஸில் டிரைவருக்கு வழி சொல்லிப் பாருங்கள். ஏறக்குறைய அதே மரியாதை கிடைக்கும்.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஓர் அச்சகம் முதியோர் கல்விக்கு வாசிப்புப் புத்தகம் போட்டது. முதல் புத்தகத்தை வகுப்புகளில் யாரும் தொடவில்லை. அடுத்ததும் அப்படியே போனால் வேலை சேலத்துக்குப் போய்விடும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பயந்துபோன முதலாளி கோவிந்தசாமி, பென்னாகரத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த என்னை ஆலோசகராகக் கூப்பிட்டார். அச்சகத்தில் எனக்கு மாணவர்கள் இரண்டே பேர்: அவரும், ஓவியர் மாதுவும்.

மலைக்காரர்

வத்தல்மலைக்காரர்களும் படிக்கிறார்கள், அவர்களையும் படத்தில் போடுங்கள் என்றேன். மாது மறுநாளே வரைந்து வந்தார். இடுப்பில் இலை, தலையில் இறகு, கையில் ஈட்டி. "மலைக்கு எப்பவாவது போயிருக்கீங்களா?" என்று கேட்டேன். "கீழ இருந்து பாத்திருக்கேங்க டீச்சர்."

சந்தைக்கு வந்திருந்த ஒரு வத்தல்மலை விவசாயியை அச்சகத்துக்குள் அழைத்துப் படத்தைக் காட்டினேன். டெரிகாட்டன் சட்டை, கைக்கடிகாரம், கக்கத்தில் டிரான்சிஸ்டர். வெகுநேரம் பார்த்தவர் கவலையோடு கேட்டார்: "இந்த ஆளு எந்த ஊருங்க? எங்க பக்கம் வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிருங்க, புள்ளைங்க பயந்துக்கும்."

மூக்குக்கண்ணாடி

பெண் வருகிற படத்திலெல்லாம் அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். "வேலைக்குப் போற பொம்பளையா மாத்துங்க" என்றேன். மாது அதே படத்தில் ஒரு மூக்குக்கண்ணாடியும் கைப்பையும் சேர்த்தார். அடுப்பும் ஊதுகுழலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பென்னாகரம் மத்தியான வகுப்புக்கு அதை எடுத்துப்போனேன். கல் உடைக்கிற மாதம்மாள் அந்தப் படத்தை மட்டும் விடவே மாட்டேன் என்றார். ஒருவேளை மாது ஜெயித்துவிட்டாரோ என்று நினைத்தேன். மாதம்மாள் சொன்னார்: "டீச்சர், இந்தக் கண்ணாடி போட்டா புகை கண்ணுல ஏறாதுங்களா? எங்க வூட்டுக்கும் ஒண்ணு வாங்கியாங்க."

பெரிய எழுத்து

வயதானவர்களுக்குக் கண் தெரியாது, ஒரு பாடமாவது பெரிய எழுத்தில் வேண்டும் என்று முதலாளியிடம் மன்றாடினேன். அச்சகத்தில் பெரிய எழுத்து என்று இருந்தது, கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு வைத்திருந்தது மட்டும்தான். அதிலேயே அச்சுக் கோத்துவிட்டார். சுற்றியிருந்த கறுப்புக் கட்டத்தைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வகுப்பில் சின்னசாமி என்று ஒருவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு வருஷமாக ஒரு வார்த்தைகூட முழுதாகப் படித்ததில்லை. அந்தப் பாடத்தை எடுத்துப்போன அன்றைக்கு அவர் விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, "முத்து நல்லவர். முத்து ஆடு வளர்த்தார்" என்று படித்து முடித்துவிட்டார். வகுப்பே மூச்சு விடாமல் பார்த்தது. சின்னசாமி தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "பாவம், நல்ல மனுசன். எத்தன மணிக்குங்க எடுக்கறாங்க?"

அனைவரும்

புத்தகம் ஒருவழியாகத் திருந்தியது. மலைக்காரருக்கு டிரான்சிஸ்டர் வந்தது, பெண் கல் உடைக்கப் போனாள், கறுப்புக் கட்டம் போனது. வகுப்புகளில் அடித்துப்பிடித்துப் படித்தார்கள். வேலை தருமபுரியிலேயே தங்கியது.

முதல் பக்கத்தில் நன்றி. முதலாளியின் மாமனார், பேப்பர் கடைக்காரர், டீக்கடைக்காரர் வரைக்கும் பெயர் இருந்தது. என் பெயரைக் காணோம். மாதம்மாள், சின்னசாமி பெயரும் இல்லை. புத்தகத்தோடு போய் நின்றேன். கோவிந்தசாமி கொஞ்சமும் அசரவில்லை. "கடைசி வரியைப் பாருங்க டீச்சர், 'மற்றும் அனைவருக்கும்'னு போட்டிருக்கேன். அனைவரும்னா எல்லாரும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

ஒருவரையும் விடாமல் புத்தகம் போட யாருக்கு வேண்டுமானாலும் கற்றுக்கொடுத்துவிடலாம், கற்றுக்கொடுத்தவர் மட்டும் வெளியே நின்று படித்துக்கொள்ளச் சம்மதித்தால்.